சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடமைப்பு

சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடமைப்பு என்பது, சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவர் பிறர் தூக்கிவிடாமல் தெருவிலிருந்து வீட்டினுள் நுழையவும், அங்கே உறங்கவும், சமைக்கவும், குளிக்கவும், கழிவறையைப் பயன்படுத்தவும் கூடியவாறு கட்டப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட வீடுகளைக் குறிக்கும். இளம்பிள்ளை வாதம், முதுகுத்தண்டுக் காயம், தசைநார்ச் சிதைவு, பெருமூளை வாதம் முதலியவற்றால் நடக்க இயலாதோரும், கால் இழந்தோரும், முதியோர் பலரும் இத்தகைய வீடுகளைத் தேவையாகக் கொண்டுள்ளனர்.

பள்ளி, மருத்துவமனை, தொடருந்து நிலையம் போன்ற பொதுக் கட்டிடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்னும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. ஆனால், மனிதர் தம் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் தனியார் வீடு பெரும்பாலும் இச்சட்டங்களின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. எனவே, வாடகைக்கோ விலைக்கோ ஏற்ற வீடு ஒன்றைக் கண்டறிவது சக்கர நாற்காலிப் பயனர்களுக்கு மிகவும் கடினமானதாகவே இருந்து வருகிறது.

வடிவமைப்புக் கூறுகள்

ஒரு வீடு சக்கர நாற்காலிக்கு ஏற்றதா என்பதைப் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அளவுகளே தீர்மானிக்கின்றன. பொதுவாக வலியுறுத்தப்படும் கூறுகள் வருமாறு:

* நுழைவாயில்: படி இல்லாத வாயில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். படி இருப்பின் சாய்தளம் தேவை. பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சாய்வு 1:12 ஆகும். அதாவது, 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும்.
* கதவு: கதவு திறந்த நிலையில் கிடைக்கும் தெளிவான அகலம் அமெரிக்க நெறிமுறைகளில் 32 அங்குலம் (ஏறத்தாழ 81 சென்டிமீட்டர்), இந்திய வழிகாட்டுதல்களில் 90 சென்டிமீட்டர்.
* திரும்பும் இடம்: நாற்காலியை முழுமையாகத் திருப்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும்.
* கழிவறை: இருக்கையின் உயரம் நாற்காலியின் உயரத்தை ஒட்டி 45 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருத்தல், நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறப் பக்கவாட்டில் இடம் இருத்தல், சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பிகள் பொருத்தப்பட்டிருத்தல்.
* குளியலிடம்: தடுப்புத் திட்டு இல்லாமல், நீர் வடியும் அளவுக்கு மட்டும் சரிவுள்ள, வழுக்காத தரை.
* சமையலறை: உட்கார்ந்த நிலையில் எட்டக்கூடிய மேடையும், அதன் கீழ் முழங்கால் நுழைய இடமும்.
* சுவிட்சுகள், தாழ்ப்பாள்கள்: அமர்ந்த நிலையில் கைக்கு எட்டும் உயரம்.

இவை ஒன்றோடொன்று கோர்க்கப்பட்ட சங்கிலி போன்றவை. வாயில் அகலமாக இருந்தும் கழிவறைக் கதவு குறுகலாக இருந்தால் அவ்வீட்டில் வாழ இயலாது. குளியலறை முறையாக இருந்தும் வாசலில் மூன்று படிகள் இருந்தால் வெளியே செல்ல இயலாது.

சாய்தளத்தின் கணக்கு இதனை மேலும் விளக்கும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளின் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். இதற்கு 1:12 சாய்வில் 5.4 மீட்டர் நீளமான சாய்தளமும், அதன் மேலும் கீழும் நாற்காலி நிற்கச் சமதளமும் தேவைப்படும். நெருக்கமான நகரத் தெருக்களில் வீட்டுக்கு முன்னால் இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. இடம் போதாமையால் செங்குத்தாக அமைக்கப்படும் சாய்தளங்களில் தனியே ஏற முடிவதில்லை; இறங்கும்போது நாற்காலி கவிழும் இடரும் உண்டு.

வீடு தேடுவதில் உள்ள இடர்ப்பாடுகள்

தகவல் இன்மை

வீட்டு விளம்பரங்களில் அறைகளின் எண்ணிக்கை, வாடகை, முன்பணம், குடிநீர், வாகன நிறுத்தம் ஆகியவை குறிப்பிடப்படுகின்றன. வாசற்படிகளின் எண்ணிக்கையோ, கழிவறைக் கதவின் அகலமோ குறிப்பிடப்படுவது அரிது. தரகர்களும் இவற்றை அளந்து வைத்திருப்பதில்லை. "தரைத்தளம்" என்று கூறப்படும் வீட்டுக்கு முன்னால் நான்கு படிகள் இருக்கலாம். "மின்தூக்கி உண்டு" என்று கூறப்படும் கட்டிடத்தில் அம்மின்தூக்கியை அடையவே இரண்டு படிகள் ஏற வேண்டியிருக்கலாம். நடப்பவர்களின் நினைவில் ஓரிரு படிகள் பதிவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டையும் நேரில் சென்று அளந்து பார்க்க வேண்டியுள்ளது. வீட்டைப் பார்ப்பதற்கே உள்ளே நுழைய வேண்டும். நுழைய முடியாததே இங்குச் சிக்கல். எனவே உறவினர் அல்லது நண்பர் ஒருவர் அளவுநாடாவுடன் முன்னே சென்று பார்த்து வருவதும், தாம் வாழப்போகும் வீட்டின் அறைகளைப் பயனர் வாசலில் இருந்தே கேட்டறிவதும் வழக்கமாகின்றன.

குளியலறைக் கதவு

பல இடங்களில் முதல் தடையாக அமைவது குளியலறைக் கதவாகும். பெரியோருக்கான சக்கர நாற்காலிகளின் மொத்த அகலம் பெரும்பாலும் 60 முதல் 70 சென்டிமீட்டர் வரை இருக்கும். இந்திய வீடுகளில் வரவேற்பறைக் கதவு மூன்றடி அல்லது மூன்றரை அடி அகலம் கொண்டிருக்க, குளியலறைக் கதவு இரண்டரை அடிக்கு மேல் வைக்கப்படுவது குறைவு. நிலையின் மரச்சட்டமும் திறந்த கதவின் தடிப்பும் போக எஞ்சும் இடைவெளியில் நாற்காலி நுழைவதில்லை. மேலும், நீர் வெளியே வராதிருக்க வாயிலில் சிறு திட்டு எழுப்புவதும், தரையைத் தாழ்த்துவதும் வழக்கமாக உள்ளன.

உரிமையாளரின் இசைவு

வாடகை வீட்டில் கதவை அகலப்படுத்தவோ, சாய்தளம் கட்டவோ, சுவரில் கம்பி பொருத்தவோ உரிமையாளரின் ஒப்புதல் தேவை. மாற்றத்தின் செலவைக் குடியிருப்பவரே ஏற்றாலும், பின்னர் வருவோர் விரும்பமாட்டார்கள் என்னும் காரணத்தால் மறுக்கப்படுவதுண்டு. அடுக்குமாடிக் கட்டிடங்களில் பொது வழியும் வாசலும் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானவை என்பதால், சொந்த வீடு உடையவரும் சங்கத்தின் இசைவைப் பெற வேண்டியுள்ளது. செலவிட்டு மாற்றிய வீட்டை ஓரிரு ஆண்டுகளில் காலி செய்ய நேர்ந்தால், அச்செலவு முழுவதும் வீணாகித் தேடல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

மின்தூக்கியைச் சார்ந்திருத்தல்

மேல்தளங்களில் வாழும் சக்கர நாற்காலிப் பயனர் மின்தூக்கியையே முற்றிலும் நம்பியுள்ளார். அது பழுதுபட்டாலோ மின்சாரம் நின்றாலோ அவர் வீட்டினுள்ளேயோ வெளியேயோ சிக்கிக்கொள்வார். தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. 2017 சூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் நேர்ந்த தீ விபத்தில் 72 பேர் இறந்தனர். அங்கு வாழ்ந்த மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் உயிர் தப்பவில்லை. உள்ளே நுழைய முடிவது மட்டும் போதாது, இடர்க்காலத்தில் வெளியேறவும் முடிய வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பொருந்தாத ஒதுக்கீடு

ஏற்ற வீடுகள் குறைவாக இருப்பது ஒருபுறம் இருக்க, இருக்கும் சில வீடுகளும் தேவையுள்ளோரைச் சென்றடைவதில்லை. சாய்தளமும் அகலமான கதவும் கொண்ட வீடு காலியாகும்போது, அது பற்றி அறியாத வேறொருவர் குடியேறிவிடுவார். இதனைத் தவிர்க்க ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலம் 1990ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, ஏற்ற வீடு காலியாகும்போது உரிமையாளர் அதனை மாநிலப் பதிவேட்டுக்கு அறிவித்து, தேவையுள்ளோருக்காக 15 நாட்கள் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வாழ்வின் மீதான விளைவுகள்

ஏற்ற வீடு கிடைக்காதபோது மக்கள் கிடைத்த வீட்டில் தம் வாழ்வைச் சுருக்கிக்கொள்கின்றனர். குளியலறைக்குச் செல்ல முடியாமல் படுக்கையிலேயே உடல் துடைக்கப்படுவது, கழிவறைக்குச் செல்வதைக் குறைப்பதற்காக நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வது போன்றவை நிகழ்கின்றன. முதுகுத்தண்டுக் காயமுற்றோருக்கு நீர் குறைவாக அருந்துவது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும். வளர்ந்த மகனையோ மகளையோ நாள்தோறும் தூக்கும் பெற்றோருக்கு முதுகுவலி நிலைத்துவிடுகிறது; பெற்றோர் முதுமையடையும்போது அவ்வுதவியும் நின்றுபோகிறது. சிகிச்சை முடிந்த பின்னரும் திரும்பிச் செல்ல ஏற்ற வீடு இல்லாததால் மருத்துவமனையிலேயே தங்க நேரிடுவதும் உண்டு. வேறு ஊரில் வேலை கிடைத்தும், அங்கு வீடு கிடைக்காமையால் அதனைக் கைவிடுவோரும் உளர்.

வரலாறு

1962ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எட் இராபர்ட்சு என்னும் மாணவர் சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டு, இரவில் இரும்பு நுரையீரல் என்னும் பெரிய மூச்சுக் கருவியினுள் உறங்கியவர் அவர். அக்கருவியைத் தாங்கக்கூடிய விடுதி எதுவும் இல்லாமையால், வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு இருப்பிடமானது. பின்னர் வேறு சில மாற்றுத்திறனாளி மாணவர்களும் அங்கே தங்கினர். மருத்துவமனையில் நோயாளிகளாக அன்றி ஊருக்குள் மற்றவர்போல வாழ வேண்டும் என்னும் அவர்களது முயற்சியிலிருந்து தற்சார்பு வாழ்வு இயக்கம் வளர்ந்தது. 1972இல் பெர்க்லியில் தொடங்கப்பட்ட தற்சார்பு வாழ்வு மையம், உதவியாளர்களை ஏற்பாடு செய்ததோடு ஏற்ற வீடுகளைக் கண்டறியவும் உதவியது.

கட்டிட அளவுகளைப் பொறுத்தவரை, ஐக்கிய அமெரிக்காவில் 1961இல் முதல் தேசியச் செந்தரம் வெளியானது. பிரித்தானியக் கட்டிடக் கலைஞர் செல்வின் கோல்ட்சுமித், மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவமைப்புப் பற்றி 1963இல் ஒரு கைந்நூலை வெளியிட்டார். இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் இரான் மேசு, எல்லோருக்கும் பொதுவான வடிவமைப்பு என்னும் கருத்தைப் பரப்பினார். 1989இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏற்ற வீடமைப்புக்கான ஆய்வு மையத்தையும் அவர் தொடங்கினார்.

பல்வேறு நாடுகளில் சட்டநிலை

ஐக்கிய அமெரிக்கா

1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பெரிதும் அறியப்பட்டது எனினும், அது தனியார் வீடுகளை முதன்மையாகக் கருதியது அன்று. வீடுகளுக்கு 1988இல் திருத்தப்பட்ட நியாய வீடமைப்புச் சட்டமே பொருந்தும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்டனவும், 1991 மார்ச்சு 13க்குப் பின் முதன்முறையாகக் குடியேறப்பட்டனவுமான கட்டிடங்கள் இதற்குள் அடங்கும். மின்தூக்கி இல்லாத கட்டிடங்களில் தரைத்தள வீடுகள் மட்டுமே அடங்கும். தனி வீடுகளும் பழைய கட்டிடங்களும் விடுபட்டுள்ளன. வாடகைக்குக் குடியிருப்பவர் தம் சொந்தச் செலவில் நியாயமான மாற்றங்களைச் செய்துகொள்வதை உரிமையாளர் மறுக்க முடியாது. 2011ஆம் ஆண்டின் வீடமைப்புக் கணக்கெடுப்பை ஆராய்ந்தபோது, சக்கர நாற்காலிப் பயனருக்கு முழுமையாக ஏற்ற வீடுகள் நாட்டின் மொத்த வீடுகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு எனத் தெரியவந்தது.

ஐக்கிய இராச்சியம்

இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிய வீடுகளுக்கான அணுகல் விதிகள் 1999இல் நடைமுறைக்கு வந்தன. இங்கிலாந்தில் 2015இல் இவை மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டன: விருந்தினர் வந்துசெல்லத்தக்க வீடு, எளிதில் மாற்றியமைக்கத்தக்க வீடு, சக்கர நாற்காலிப் பயனருக்கான வீடு. இவற்றுள் முதல் நிலை மட்டும் எல்லாப் புதிய வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மற்றவை உள்ளூர்த் திட்டங்கள் கோரினால் மட்டுமே பொருந்தும் என விடப்பட்டன. இலண்டன் நகரத் திட்டம் புதிய வீடுகளில் பத்தில் ஒன்று சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் எனக் கோருகிறது. 2018ஆம் ஆண்டில், விருந்தினராகச் சென்றுவரத் தேவையான நான்கு அடிப்படைக் கூறுகளும் கொண்டிருந்தவை இங்கிலாந்தின் வீடுகளில் 9 விழுக்காடு மட்டுமே.

சிங்கப்பூர்

மக்களுள் பெரும்பான்மையோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழும் சிங்கப்பூரில், பழைய கட்டிடங்களின் மின்தூக்கிகள் சில தளங்களில் மட்டுமே நின்றன. இடைப்பட்ட தளங்களில் வாழ்வோர் படிகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 2001இல் தொடங்கப்பட்ட மேம்பாட்டுத் திட்டத்தின் மூலம் அவை ஒவ்வொரு தளத்திலும் நிற்குமாறு மாற்றப்பட்டன. 2012இல் தொடங்கிய மற்றொரு திட்டம் கைப்பிடிக் கம்பிகள், சிறு சாய்தளங்கள், வழுக்காத் தரை ஆகியவற்றை மானிய விலையில் அமைத்துத் தருகிறது.

இந்தியா

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 54 இலட்சம் பேர் இயக்கக் குறைபாடு உடையோர். இவர்கள் அனைவரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர் அல்லர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நில, வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் குறிப்பிடத்தக்க அளவு குறைபாடு உடையோருக்கு 5 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்குகிறது. பொதுக் கட்டிடங்கள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் எனவும் அது கூறுகிறது. ஆனால், சட்டத்தின் வரைவிலக்கணப்படி பொதுக் கட்டிடம் என்பது பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டிடமாகும். தனியார் வீடு அப்பட்டியலில் பெயர் குறித்துச் சேர்க்கப்படவில்லை. 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் வழிகாட்டுதல்கள், மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் உடைய குடும்பங்களுக்குத் தரைத்தளம் அல்லது கீழ்த்தளங்களில் வீடு ஒதுக்குவதை வலியுறுத்தின. 2024 நவம்பர் 8 அன்று இராசீவ் இரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது.

பன்னாட்டு உடன்படிக்கை

2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, அணுகத்தக்க இடங்களுள் வீட்டையும் குறிப்பிடுகிறது. எங்கு, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை வழங்குகிறது. இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் இதனை உறுதிசெய்து ஏற்றன.

தமிழ்நாட்டு வீடுகளும் சக்கர நாற்காலியும்

தமிழ்நாட்டின் மரபு வழி வீடுகள் மழைநீர் புகாதவாறு உயர்ந்த தளத்தின் மேல் கட்டப்பட்டவை. தெருவிலிருந்து படியேறித் திண்ணையை அடைந்து, உயர்ந்த நிலைப்படியைத் தாண்டியே உள்ளே செல்ல இயலும். கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையிலும் மட்ட வேறுபாடு இருக்கும். தற்கால நகரங்களில் சாலைகள் மேலும் மேலும் உயர்த்திப் போடப்படுவதால், புதிய வீடுகளின் தளம் முன்னெச்சரிக்கையாக மூன்றடி வரை உயர்த்தப்படுகிறது. இத்தகைய வீட்டுக்கு விதிப்படி சாய்தளம் அமைப்பின் அதன் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர் ஆகும்.

சென்னை போன்ற நகரங்களில் அடுக்குமாடிகளின் தரைத்தளம் வாகன நிறுத்தத்துக்கு விடப்படுவதால், தரைத்தள வீடுகள் குறைந்து வருகின்றன. வீடுகள் முதல் தளத்திலிருந்தே தொடங்குவதால் மின்தூக்கி இல்லாத சிறிய அடுக்குமாடிகள் முற்றிலும் பயன்படாமல் போகின்றன. 1970இல் நிறுவப்பட்ட குடிசை மாற்று வாரியம் (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) தொடக்கத்தில் கட்டிய மாடிக் குடியிருப்புகளும் மின்தூக்கி அற்றவை.

மறுவாழ்வுத் துறையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1954இல் நேர்ந்த விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீசு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுப் பணியையும் வளர்த்தார். அதன் மறுவாழ்வு நிலையம் 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டுக் காயமுற்ற எசு. இராமகிருட்டிணன் 1981இல் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இத்தகைய நிலையங்களில் நாற்காலியைத் தாமே செலுத்தவும், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும் பயிற்சி பெறுவோர், பயிற்சி முடிந்து திரும்பும் வீட்டின் வாசற்படியில் மீண்டும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கிறது. அவர்களுடைய உடலின் இயலுமை மாறியிருக்கிறது, வீடு மாறவில்லை.

வருகைக்கு ஏற்ற வீடு

ஒவ்வொரு வீட்டையும் முழுமையாக ஏற்றதாக்க இயலாவிடினும், எல்லாப் புதிய வீடுகளிலும் மிகக் குறைந்த தேவைகளையேனும் நிறைவேற்ற வேண்டும் என்னும் கருத்து 1980களின் பிற்பகுதியில் அட்லாண்டாவில் வலுப்பெற்றது. சக்கர நாற்காலிப் பயனரான எலினார் சுமித் இதனை முன்னெடுத்தார். படியற்ற வாயில் ஒன்று, அகலமான உட்கதவுகள், தரைத்தளத்தில் நுழையத்தக்க கழிவறை ஒன்று என்பனவே அவர் முன்வைத்த மூன்று கோரிக்கைகள். இவை இருந்தால், சக்கர நாற்காலியில் உள்ளவர் உறவினர், நண்பர் வீடுகளுக்கு விருந்தினராகச் செல்ல முடியும். வீட்டில் உள்ள ஒருவர் திடீரென நடக்க இயலாதவரானாலும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை.

அரிசோனா மாநிலத்தின் பீமா மாவட்டம் 2002இல் புதிய தனி வீடுகளுக்கு இவ்வகை விதியைக் கட்டாயமாக்கியது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் விதியை உறுதி செய்தது. ஆசுத்திரேலியாவின் 2022ஆம் ஆண்டுக் கட்டிட நெறித்தொகுப்பு ஒத்த தேவைகளைச் சேர்த்துக்கொண்டது. எனினும் நியூ சவுத் வேல்சு அப்போது அதனை ஏற்க மறுத்தது.

செலவு பற்றிய விவாதம்

வீட்டு விலை உயரும் என்பது கட்டுநர்கள் முன்வைக்கும் முதன்மையான எதிர்வாதம் ஆகும். மின்தூக்கி அமைத்தல், சிறிய மனைகளில் குளியலறையைப் பெரிதாக்குதல் ஆகியவற்றில் இவ்வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால், பிற கூறுகளில் பலவற்றுக்குக் கட்டும் காலத்தில் ஆகும் கூடுதல் செலவு சிறிது. அரையடி அகலமான கதவை முதலிலேயே பொருத்துவதும், கட்டிய பின் சுவரை உடைத்து நிலையைப் பெயர்த்து ஓடுகளை மாற்றிப் பொருத்துவதும் ஒன்றல்ல. பின்னதன் செலவும் தூசியும் காலதாமதமும், தேவை ஏற்பட்ட குடும்பத்தின் மீது, அதுவும் மருத்துவச் செலவு மிகுந்த காலத்தில் விழுகின்றன. படியற்ற வாயிலும் அகலமான கதவும் குழந்தை வண்டி தள்ளுவோருக்கும், முதியோருக்கும், வீட்டுப் பொருட்களை ஏற்றி இறக்குவோருக்கும் பயன்படுகின்றன என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* சக்கர நாற்காலி
* சாய்தளம்
* மாற்றுத்திறனாளி உரிமைகள்
* மின்தூக்கி
* முதுகுத்தண்டுக் காயம்